பந்தயத்துக்குப் பழக்கலாமா? இளங்குதிரையைச் சோதித்து முடிவெடுக்கும் முறை

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் ஒரு குட்டியைப் பிடித்து வந்து, தை மாதம் காணும் பொங்கலன்று திருக்கடையூர் – தரங்கம்பாடிச் சாலையில் அதை வண்டியில் பூட்டி ஓட்டிவிட வேண்டும் என்ற ஆசை நம் பக்கத்துக் குதிரைக்காரர்களில் பாதிப் பேருக்காவது ஒருமுறை வந்திருக்கும். எனக்கும் வந்தது. இரண்டரை வயதுகூட நிரம்பாத ஒரு செவலையை ஆடியில் வாங்கி, ஐப்பசியில் வண்டியில் பூட்டி, மார்கழியில் அதன் இடது முன்கால் முட்டி வீங்கிச் சூடேறி நின்றபோதுதான், குதிரையை வாங்குவதற்கும் பழக்குவதற்கும் இடையே நான் எடுத்திருக்க வேண்டிய முடிவு ஒன்று இருந்ததும், அதை எடுக்காமலே தாண்டி வந்துவிட்டதும் எனக்குப் புரிந்தது. பழக்கும் முறைகளை இங்கே நான் விவரிக்கப் போவதில்லை. பழக்கத் தொடங்கலாமா, காத்திருக்கலாமா, கைவிடலாமா என்று முடிவு செய்யும் வேலையை மட்டும், நான் இப்போது செய்யும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

எந்தப் பந்தயம்?

இதில் குழப்பமே வேண்டாம். பெங்களூரு போன்ற நகரங்களில் நடக்கும் மைதானப் பந்தயத்தில் பதிவேட்டில் பிறப்பும் பெற்றோரும் பதிவான தரோபிரெட் குதிரைகள் மட்டுமே ஓட முடியும். சந்தையில் வாங்கிய கத்தியவாரியோ மார்வாரியோ கலப்பினமோ எவ்வளவு வேகமாக ஓடினாலும் அங்கே அதற்கு இடமில்லை. நமக்கு இருப்பது எல்கைப் பந்தயம். சின்னக் குதிரை, நடுக்குதிரை, பெரிய குதிரை என்று பிரித்து, ‘போக வர இத்தனை மைல்’ என்று அறிவித்து, தார்ச்சாலையில் இரு சக்கர வண்டியோடு ஓட்டுவது. ஆகவே நாம் தேடும் குதிரை, மனிதனை முதுகில் சுமந்து ஒன்றிரண்டு நிமிடம் பறக்கும் குதிரையைப் போன்றதன்று. கடினமான தரையில், வண்டியின் இழுவையோடு, மைல் கணக்கில் ஓட்டம் குலையாமல் போய், திரும்பியும் வரக்கூடிய குதிரை. உங்கள் குதிரை வளர்ந்தபின் எந்தப் பிரிவில் சேரும், ஓட்டம் முறிந்து நாலுகால் பாய்ச்சலுக்கு மாறினால் விலக்குவார்களா என்ற இரண்டையும் நீங்கள் கலந்துகொள்ள நினைக்கும் ஊர் விழாக்குழுவிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பதிலைப் பொறுத்து, பின்னால் வரும் சோதனைகளில் எதற்கு அதிக எடை கொடுப்பது என்பது மாறும்.

வயதைப் பல்லில் பார்த்தல்

விற்பவர் சொல்லும் வயதைக் காதில் வாங்கிக்கொண்டு, பல்லில் இருப்பதை மட்டும் நம்ப வேண்டும். முன்வாயில் மேலும் கீழும் ஆறு ஆறு வெட்டுப் பற்கள் உண்டு. பால் பல் சிறியதாக, வெண்மையாக, ஈறருகே கழுத்துப் போலச் சுருங்கியிருக்கும்; நிலைப் பல் அகலமாக, சற்று மஞ்சளாக, நீளவாட்டில் கோடு ஓடியதாக இருக்கும். நடு ஜோடி ஏறத்தாழ இரண்டரை வயதிலும், அதற்கடுத்த ஜோடி மூன்றரை வயதிலும், ஓர ஜோடி நாலரை வயதிலும் மாறும். ஐந்து வயதில் எல்லாம் நிலைப் பல்லாகி வாய் சேர்ந்துவிடும். உதட்டை விலக்கிப் பார்க்கும்போது நடு ஜோடிகூட மாறாமல் ஆறும் பால் பல்லாகவே இருந்தால், ‘மூன்று வயது முடிந்துவிட்டது’ என்று யார் சத்தியம் செய்தாலும் அது இரண்டரைக்குக் கீழ்தான்.

பல்லை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் எலும்பு. குதிரையின் கால் எலும்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் முதிர்வதில்லை. முட்டிக்கும் கணுவுக்கும் இடையிலுள்ள நேர் எலும்பின் கீழ்முனை ஓராண்டுக்குள் வளர்ச்சியை முடித்துக்கொள்ளும். ஆனால் முன்கால் முட்டிக்கு நேர் மேலே உள்ள எலும்பின் வளர்முனை மூடுவதற்கு இரண்டு முதல் இரண்டரை ஆண்டுகள், சில குதிரைகளுக்கு அதற்கும் மேல், ஆகும். முதுகெலும்புக் கோவையோ ஐந்து வயதுக்குப் பிறகே முழுதாக முதிர்கிறது. என் செவலையின் முட்டி வீங்கியது விதியால் நேர்ந்ததில்லை. மூடாத எலும்பின் மேல் நான் வண்டியைப் பூட்டியதால் நேர்ந்தது. அதற்காகக் குட்டியை மூன்று வயது வரை லாயத்திலேயே கட்டிப் போடுவதும் தவறுதான். தன் விருப்பப்படி திடலில் ஓடித் திரிந்து வளரும் குட்டியின் எலும்பு உறுதிப்படும். கட்டுத்தறியில் நின்றே வளர்ந்த குட்டியின் எலும்புக்கு அந்த உறுதி வருவதில்லை. வாங்கும்போது அது எங்கே, எப்படி வளர்ந்தது என்று கேட்பது வெறும் ஊர்க்கதை பேசுவதாகாது.

சுழியும் நிறமும்

சுழி பார்க்காமல் குதிரை வாங்குபவர் நம் ஊரில் இல்லை. தஞ்சை மராட்டிய மன்னர்கள் சேர்த்துவைத்த சரசுவதி மகால் ஏட்டுச் சுவடிகளிலேயே குதிரை இலக்கணத்துக்கு ஓர் இடம் உண்டு என்பதால், இந்த வழக்கத்தின் வயதை நான் மதிக்கிறேன். ஆனால் நெற்றியில் எத்தனை சுழி இருக்கிறது என்பதற்கும் எட்டாவது மைலில் குதிரை எப்படி மூச்சு விடும் என்பதற்கும் இடையே எந்தத் தொடர்பையும் இத்தனை ஆண்டுகளில் நான் கண்டதில்லை. சுழி தீர்மானிப்பது மறுவிற்பனை விலையை. ஆகாத சுழி என்று ஒதுக்கப்பட்ட நல்ல காலுள்ள குதிரை மலிவாகக் கிடைக்கும், அது வாங்குபவருக்கு லாபம். விற்கும்போது அதே காரணம் தன் தலையில் விழும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். நிறத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

கால்: நிற்கும்போது

இதற்கு ஒரு முழுக் காலைப்பொழுதை ஒதுக்குங்கள். சமதளமான இடத்தில், முடிந்தால் களத்துமேட்டில் சிமெண்டுத் தளத்தில், நான்கு காலிலும் சமமாக எடை ஊன்றும்படி குதிரையை நிறுத்தி, ஐந்தாறு அடி தள்ளி முன்னால் போய் நில்லுங்கள். தோள் முனையிலிருந்து ஒரு தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டதாகக் கற்பனை செய்தால், அந்த நூல் முட்டியின் நடு, கணுவின் நடு, குளம்பின் நடு என்று நேராக இறங்க வேண்டும். குளம்பு மட்டும் சற்றே உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது பெரிய குற்றமில்லை. முட்டிக்குக் கீழுள்ள எலும்பு முட்டியின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக விலகி இறங்குவது கவலைக்குரியது, ஏனென்றால் ஒவ்வொரு அடியிலும் உட்பக்கமே அதிகச் சுமை தாங்கும்.

பிறகு பக்கவாட்டில் வந்து பாருங்கள். முட்டி முன்னால் சற்றே மடங்கினாற்போல் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். பின்பக்கமாகக் குழிந்து வளைந்திருந்தால், மற்றவை அத்தனையும் நன்றாக இருந்தாலும், நான் அந்தக் குதிரையைப் பந்தயத்துக்கு எடுக்க மாட்டேன். நிற்கும்போது குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்கால்கள் தாங்குகின்றன; தார்ச்சாலையின் அதிர்ச்சி அத்தனையும் குழிந்த முட்டியின் முன்விளிம்பில்தான் போய் இடிக்கும். கணுவுக்கும் குளம்புக்கும் இடைப்பட்ட பகுதி தரையோடு 45 முதல் 50 பாகை வரை சாய்ந்து, தோளின் சாய்வோடு ஒத்திருப்பது நல்லது. அது செங்குத்தாக இருந்தால் அதிர்ச்சி தணியாது. மிகவும் சாய்ந்திருந்தால் காலின் பின்பக்கத் தசைநாண்கள் இழுபடும்.

அடுத்தது கைவேலை. குதிரை இன்னும் நடக்கத் தொடங்காத விடியற்காலையில் செய்ய வேண்டும். முட்டியின் பின்புறத்திலிருந்து கணு வரைக்கும், குதிரைக்காரர்கள் ‘நரம்பு’ என்றே சொல்லும் தசைநாண்களைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே பிடித்து மெல்ல வருடிக்கொண்டே இறங்குங்கள். வண்டிக் கயிறு போல இறுக்கமாக, ஒரே பருமனில், குளிர்ச்சியாக இருக்க வேண்டும். நடுவில் ஓரிடத்தில் பருத்தோ, மாவு போல மெத்தென்றோ இருந்தால், அங்கே பழைய காயம் இருக்கிறது. நான்கு காலின் குளம்பையும் புறங்கையால் தொட்டு ஒப்பிடுங்கள். மூன்று குளிர்ந்து ஒன்று மட்டும் சூடாக இருந்தால் காரணம் தெரியும் வரை பணம் கொடுக்காதீர்கள். முன்குளம்புகள் இரண்டும் ஒரே அளவாக உள்ளனவா என்று ஒரு குச்சியை முறித்து அளந்தே பார்க்கலாம். சிறுத்துப் போன குளம்பு, நெடுநாளாக எடை ஊன்றத் தயங்கிய கால் என்று பொருள்.

சந்தையில் மட்டும் இந்தச் சோதனையைச் செய்துவிட்டு மனநிறைவு அடைய வேண்டாம். வலிமருந்து கொடுத்து நொண்டலை ஓரிரு நாள் மறைப்பது வியாபாரத்தில் நடப்பதுதான். ஒரு வாரம் கழித்து, நம் கொட்டகையில், மீண்டும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

கால்: மண்ணில் எழுதுவது

நம் டெல்டாவில் வேறெங்கும் கிடைக்காத ஒரு வசதி உண்டு. மாசி, பங்குனியில் கொள்ளிடத்தில் தண்ணீர் வடிந்தபின், ஓரத்தில் ஈரம் காயாத மணல் தகடு போல் இறுகிக் கிடக்கும். அதன்மேல் குதிரையைத் தளர்வான கயிற்றில் நடத்திக்கொண்டு போய்விட்டு, திரும்பி வந்து குளம்படியைப் படியுங்கள். இளைப்பாறிய நடையில், பின்குளம்பு அதே பக்கத்து முன்குளம்பின் அடிக்கு முன்னால் போய்ப் பதிந்திருக்க வேண்டும். அந்த இடைவெளியைச் சாணால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்திருக்கின்றனவா என்பது, இடைவெளி எத்தனை சாண் என்பதைவிட முக்கியம். குளம்பின் முனை மட்டும் ஆழமாகக் கீறியிருந்தால் குதிரை குதிகாலை ஊன்ற அஞ்சுகிறது.

பிறகு கடினமான தரையில் டிராட் ஓட்டத்தில் (எதிரெதிர் மூலைக் கால்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து எழும் சீரான ஓட்டம்) கொண்டுபோகச் சொல்லி எதிரே நின்று தலையைப் பாருங்கள், காலைப் பார்க்காதீர்கள். வலியுள்ள முன்கால் தரையில் படும்போது தலை மேலே எழும்பும். நல்ல கால் படும்போது தாழும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் காதை நம்புங்கள்: ‘டக் டக்’ என்று சமமாக ஒலிக்க வேண்டியது, நொண்டும் குதிரையில் ஒன்று பலமாகவும் ஒன்று மெலிதாகவும் கேட்கும். இடச்சுற்றும் வலச்சுற்றும் வட்டமடிக்க விட்டால், நேர்கோட்டில் மறைந்திருந்த குறையும் வெளிப்பட்டுவிடும்.

கால்நடை மருத்துவரும் மூன்று மாதத் தீவனமும்

வாங்குவதற்கு முன்போ, வாங்கிய முதல் வாரத்திலோ மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பதால் நமக்குத் தொலைவு ஒரு சாக்கு ஆகாது. முட்டியை எக்ஸ்ரே எடுத்து வளர்முனை மூடிவிட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மாட்டு ஈக்கள் கடித்துப் பரப்பும் சர்ரா நோய்க்கு இரத்தப் பரிசோதனை அவசியம். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், அடிவயிற்றிலும் காலிலும் நீர்வீக்கம், தின்றும் தேறாத உடம்பு ஆகியவை அதன் அடையாளங்கள். மனிதருக்கும் தொற்றக்கூடிய கிளாண்டர்ஸ் நோய்க்கான பரிசோதனையையும், டெட்டனஸ் தடுப்பூசியையும் தள்ளிப்போட வேண்டாம்.

மெலிந்து வந்த குதிரையை உடனே எடை போட்டு ‘இது தேறாது’ என்று முடிவு கட்டுவதும் தவறு. பூச்சி மருந்து கொடுத்து, மூன்று மாதம் ஒழுங்காகத் தீவனம் போட்டபின்பே அதன் திறன் தெரியும். எடையை நாடாவாலேயே கணக்கிடலாம்: முன்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து அதை அதனாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து புட்ட முனை வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோவில் எடை கிடைக்கும். சுற்றளவு 150, நீளம் 140 என்றால் ஏறத்தாழ 265 கிலோ. உலர்ந்த கணக்கில் உடல் எடையில் 2 முதல் 2.5 விழுக்காடு தீவனம் ஒரு நாளுக்குத் தேவை. அதில் பெரும்பகுதி புல்லாகவே இருக்க வேண்டும்.

இங்கேதான் நம் பகுதிக்கே உரிய ஒரு கண்ணி இருக்கிறது. மாட்டுக்குப் போடும் கோ-4 போன்ற கம்பு நேப்பியர் புல்லையும், அரிசித் தவிடு, கோதுமைத் தவிடு ஆகியவற்றையும் அள்ளிப் போட்டே பலர் குதிரை வளர்க்கிறார்கள். நேப்பியர் வகைப் புல்லில் உள்ள ஆக்சலேட், குதிரை உடம்பில் சுண்ணாம்புச் சத்தைச் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். தவிட்டில் மிகுந்திருக்கும் பாஸ்பரஸ் மீதியையும் கெடுக்கும். உடம்பு தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுக்கத் தொடங்கிவிடும். முகத்து எலும்பு இருபுறமும் புடைத்து, கால் காரணமில்லாமல் இடம் மாறி மாறி நொண்டும். பார்வைக்குக் கொழுத்திருக்கும் அந்தக் குதிரையின் எலும்பு பந்தயத்தைத் தாங்காது. அருகம்புல் நல்லது, வேகவைத்த கொள்ளு அளவோடு நல்லது, தாது உப்பை மருத்துவர் சொல்லும் அளவில் சேர்க்க வேண்டும். மழையில் நனைந்து பூத்த வைக்கோல் இருமலைக் கொண்டுவரும். கோழித் தீவனத்தைக் குதிரை பக்கமே கொண்டு போகாதீர்கள். அதில் சேர்க்கும் சில மருந்துகள் குதிரையைக் கொன்றுவிடும்.

நாடி, மூச்சு, வியர்வை

மூன்று வயது நிரம்பி, தீவனத்தில் தேறிய குதிரைக்கே இந்தச் சோதனை. கும்பகோணம் ரயிலடியில் ஒருகாலத்தில் ஜட்கா ஓட்டிய பெரியவர் ஒருவர், நான் குதிரையை விரட்டி விரட்டி வேகம் பார்த்துக்கொண்டிருந்தபோது, “ஓடறப்ப பாக்காத தம்பி, நின்ன பொறவு பாரு” என்றார். அன்று அதை ஒரு முதியவரின் பேச்சாகவே எடுத்துக்கொண்டேன். இன்று என் சோதனை முழுவதும் அந்த ஒரு வரியில்தான் நிற்கிறது: வேகத்தைப் பிறகு கூட்டலாம், ஆனால் ஓட்டத்திலிருந்து பழைய நிலைக்குத் திரும்பும் திறன் இல்லாத குதிரைக்கு அதை ஊட்ட முடியாது.

தாடை எலும்பின் கீழ்விளிம்பில் உட்புறமாக விரலை ஓட்டினால், நூல்கண்டு போல உருளும் இரத்தக்குழாய் தட்டுப்படும்; அங்கே 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருப்பது இயல்பு; மூச்சு 8 முதல் 16 வரை. விடியற்காலை ஆறு மணிக்குள், மண்பாதையில், 10 நிமிடம் நடையும் 10 நிமிடம் டிராட் ஓட்டமும் கொடுத்து நிறுத்திவிட்டு, நின்றவுடனும், 5 நிமிடத்திலும், 10 நிமிடத்திலும் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். நெடுந்தூரக் குதிரைப் போட்டிகளில் அளவுகோலாக வைக்கும் எண் 64. பழக்காத இளங்குதிரை 10 நிமிடத்துக்குள் அதற்குக் கீழே இறங்கினால் எனக்கு நிறைவு. 20 நிமிடம் கழித்தும் இறங்காவிட்டால், காய்ச்சலோ இரத்தசோகையோ வலியோ உள்ளதா என்று பார்த்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி சோதிப்பேன்.

குதிரையால் வாய்வழி மூச்சுவிட முடியாது. ஆகவே மூக்குத்துளை அகன்று விரிகிறதா, தாடை எலும்புகளுக்கு இடையே மடக்கிய கை ஒன்று தாராளமாக நுழைகிறதா என்று பார்ப்பது பொருளுள்ள சோதனை. ஓடும்போது மூச்சை உள்ளிழுக்கையில் சீட்டியோ உறுமலோ கேட்டால், குரல்வளையின் ஒரு பக்கம், பெரும்பாலும் இடப்பக்கம், செயலிழந்திருக்கக்கூடும். மருத்துவர் குழாய்க் கருவியால் உள்ளே பார்த்துச் சொல்லும் வரை பழக்கத் தொடங்க வேண்டாம்.

வியர்வையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ராஜஸ்தானிலோ பஞ்சாபிலோ வறண்ட காற்றில் வளர்ந்த குதிரை, நம் கடலோரப் புழுக்கத்துக்கு வந்தபின், முதல் கோடையிலேயே வியர்ப்பதை நிறுத்திவிடுவது உண்டு. ஓட்டத்துக்குப் பிறகு கழுத்தும் விலாவும் நனையாமல் தோல் உலர்ந்து சூடாக இருந்து, மூச்சு மட்டும் நாய் போல இரைத்தால் அதுதான் அறிகுறி. குளிர்ந்த மலைப்பகுதிக்கு அதை விற்றுவிடலாம். சித்திரை வெயிலை இங்கே தாண்ட முடியாத குதிரையைப் பந்தயத்துக்குப் பழக்குவது கொடுமை.

மிரட்சி

தவில், தாரை தப்பட்டை, வெடி, இருபுறமும் கூச்சலிடும் கூட்டம், பின்னாலேயே ஹாரன் அடித்து வரும் மோட்டார் சைக்கிள்கள் ஆகியவை எல்லாம் பந்தயச் சாலையில் உண்டு. கொட்டகைக்கு அருகே ஒரு தார்ப்பாயைச் சடாரென உதறிப் பாருங்கள். மிரளாத குதிரையை நான் தேடுவதில்லை. மிரண்டு, நான்கு அடி விலகி, பிறகு காதை முன்னால் நீட்டி அந்தத் தார்ப்பாயை மோந்து பார்க்க வரும் குதிரைதான் வேண்டும். அரைமணி நேரம் கழித்தும் நடுங்கிக்கொண்டு, கண்வெள்ளை தெரிய நிற்கும் குதிரை, வண்டியோடு கூட்டத்துக்குள் பாய்ந்தால் சாரதிக்கும் வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகளுக்கும் ஆபத்து.

தொண்ணூறு நாள் குறிப்பேடு

மேலே உள்ள அனைத்திலும் தேறிய குதிரையை வெறும் வண்டியில்கூடப் பூட்டாமல், நீண்ட வாரில் பின்னாலிருந்து நடத்தி, 90 நாள் பாருங்கள். சம்பா அறுவடை முடிந்த மாசியில் தொடங்கினால் வயல்வெளியும் ஆற்றங்கரையும் காய்ந்து கிடக்கும், நிறுத்த வேண்டிய கடுங்கோடையும் கணக்கில் வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகைச் சேற்றில் தொடங்கினால் குளம்பழுகலோடு போராடுவதிலேயே நாள் போய்விடும். வாரம் நான்கு நாள் வேலை, மூன்று நாள் ஓய்வு. ஒவ்வொரு காலையும் கால்களைத் தொட்டுச் சூடு, ஓய்வு நாடி, முந்தைய இரவில் மிச்சம் வைத்த தீவனம் ஆகிய மூன்றையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். வேலை செய்த மறுநாள் காலையில் நாடி வழக்கத்தைவிட எட்டுப் பத்து கூடியிருந்தால் அன்று ஓய்வு. கால் சூடு இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் சோதனையையே நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

90 நாள் முடிவில் குறிப்பேட்டைப் பின்னிருந்து புரட்டிப் படியுங்கள். ஓட்டத்துக்குப் பிந்தைய நாடி வாரத்துக்கு வாரம் விரைவாக இறங்கி வந்திருந்தால், கால்கள் குளிர்ந்தே இருந்திருந்தால், நான்கு வயதில் வண்டிக்குப் பழக்கத் தொடங்கலாம். அதாவது வரும் தைக்கு இல்லை, அதற்கடுத்த தைக்கு. எண்கள் இருந்த இடத்திலேயே நின்றிருந்து, குதிரைக்கு வேறு நோயும் இல்லையென்றால், அடுத்த பல் ஜோடி மாறும் வரை திடலில் விட்டுவிட்டு, மறு மாசியில் ஒரே ஒரு முறை மட்டும் சோதனையைத் திரும்பச் செய்யலாம். இரண்டாம் முறையும் அப்படியே இருந்தால் கோயில் ஊர்வலத்துக்கோ, சவாரி பழகும் பிள்ளைகளுக்கோ அதைக் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது அந்தக் குறிப்பேட்டையும் சேர்த்துக் கொடுங்கள். வாங்குபவர் நாளைக்கு அதை வண்டியில் பூட்ட நினைத்தால், எந்தக் காலில் எந்த நாள் சூடு வந்தது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.